பத்தாயிரம் ரூபாயை எதில் போடுவது: ஐபீஸா, ஃபில்டரா, பஸ் டிக்கெட்டா?

"வளைய நெபுலாவைப் பிடிச்சுட்டேன் சார். ஆனா கொசு மாதிரி இருக்கு. அடுத்து என்ன வாங்கலாம்?"

வருடத்துக்கு நாலைந்து பேராவது என்னிடம் இதைக் கேட்கிறார்கள். கேட்பவரிடம் பெரும்பாலும் 114 அல்லது 130 மி.மீ. பிரதிபலிப்புத் தொலைநோக்கி இருக்கும். பெட்டியோடு வந்த இரண்டு ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கும் வில்லைக் குழாய்) இருக்கும். எப்படியோ மிச்சம் பிடித்த பத்தாயிரம் ரூபாயும் இருக்கும். நெபுலா ஃபில்டர் போட்டால் எல்லாம் பளிச்சென்று தெரியும் என்று யாராவது சொல்லியும் வைத்திருப்பார்கள்.

நானும் அப்படி ஆரம்பித்தவன்தான். 130 மி.மீ. கண்ணாடி, 650 மி.மீ. குவியத் தூரம். சென்னைப் புறநகரில் மூன்றாவது மாடிக்கு மேல் மொட்டைமாடி, ஒரு பக்கம் தண்ணீர்த் தொட்டி, எதிர்வீட்டு வாசலில் விடிய விடிய எரியும் எல்இடி விளக்கு. நான் முதலில் வாங்கியது ஃபில்டர். வரிசையைத் தப்பாகப் பிடித்துவிட்டேன் என்று புரிய இரண்டு வருடம் ஆனது. அதனால் இந்தக் கட்டுரையில் கொஞ்சம் ஒரு பக்கச் சாய்வு இருக்கும், தெரிந்தே எழுதுகிறேன்.

முதலில் எதை அளப்பது

வளைய நெபுலா, 'கோள் நெபுலா' என்கிற வகையைச் சேர்ந்தது. கோள் நெபுலாவுக்கும் கோளுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. சூரியனைப் போன்ற விண்மீன் வயதான காலத்தில் ஊதித் தள்ளிய வாயு அது. நடுவில் மிஞ்சிய சூடான கரு அந்த வாயுவை ஒளிர வைக்கிறது. 1781-ல் யுரேனஸைக் கண்டுபிடித்த வில்லியம் ஹெர்ஷல், அடுத்த ஆண்டே கும்ப மண்டலத்தில் இன்று என்ஜிசி 7009 என்று பட்டியல் எண் பெற்றிருக்கும் பொருளைப் பார்த்தார். சின்னதாக, வட்டமாக, கோளின் வட்டு போலவே இருந்தது. அந்தச் சாயலில் வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது. தப்பான பெயர்தான், ஆனால் நமக்கு அதில் ஒரு துப்பு கிடைக்கிறது: இவற்றில் பலவற்றைக் கோளைப் பார்ப்பது மாதிரிதான் பார்க்க வேண்டும்.

பலவற்றை, எல்லாவற்றையும் அல்ல. ஐதரா மண்டலத்தில் 'வியாழனின் ஆவி' என்று பெயர் வாங்கிய என்ஜிசி 3242 சுமார் 40 விகலை அகலம் (ஒரு பாகை 60 கலை, ஒரு கலை 60 விகலை). கும்பத்தில் இருக்கும் ஹீலிக்ஸ், அதாவது என்ஜிசி 7293, கிட்டத்தட்ட பாதி நிலா அகலம். நிலா 1,800 விகலைக்குச் சற்று மேல் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டிலிருந்தும் வரும் மொத்த வெளிச்சம் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு கரண்டி நெய்யை ஒரே இட்லி மேல் ஊற்றுவதற்கும் பந்தி இலை முழுக்கத் தடவுவதற்கும் உள்ள வித்தியாசம். முதலாவது சென்னையிலிருந்தே தெரியும். இரண்டாவதை என் மாடியிலிருந்து நான் பார்த்ததே இல்லை.

ஆக, முதல் அளவுகோல் நீங்கள் பார்க்க நினைப்பது இட்லியா, இலையா என்பது. இரண்டாவது உங்கள் வானம். மூன்றாவதை யாரும் சொல்வதில்லை: ஐபீஸிலிருந்து கண்ணுக்குள் வரும் ஒளிக்கற்றையின் அகலம். கண்ணாடியின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் அது வரும். உருப்பெருக்கம் என்பது குவியத் தூரத்தை ஐபீஸின் மி.மீ. எண்ணால் வகுத்தால் வருவது. என் 130 மி.மீ.-ல் 25 மி.மீ. ஐபீஸ் போட்டால் 26 மடங்கு, 5 மி.மீ. கற்றை. 10 மி.மீ. போட்டால் 65 மடங்கு, 2 மி.மீ. கற்றை. 130 மடங்கில் கற்றை 1 மி.மீ.தான். ஃபில்டர் வாங்குகிறவர்கள் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான்.

கடைசியாக, விலைப்பட்டியலில் இல்லாத செலவுகள். அதை ஒவ்வொன்றோடும் சேர்த்தே சொல்கிறேன்.

ஐபீஸ்: உருப்பெருக்கத்தைக் கூட்டுவது

கணக்கைப் பாருங்கள். 26 மடங்கில் என்ஜிசி 3242, வெறுங்கண்ணுக்குத் தெரியும் நிலாவில் பாதி அளவுதான் இருக்கும். புதியவர் அதை விண்மீன் என்று நினைத்துக் கடந்து போய்விடுவார். நான் மூன்று இரவு கடந்து போயிருக்கிறேன். 65 மடங்கில் நிலாவைவிடக் கொஞ்சம் பெரிய வட்டு. 130 மடங்கில் மூன்று நிலாவை வரிசையாக வைத்த அகலம். உருப்பெருக்கம் கூடும்போது நெபுலா மங்கும், பின்னால் இருக்கும் வானமும் அதே அளவு மங்கும். ஆனால் மங்கலான பொருள் பெரிதாகத் தெரிந்தால் நம் கண் அதைச் சுலபமாகப் பிடித்துக்கொள்ளும். இட்லி ரக நெபுலாக்களுக்கு வெளிச்சம் தாராளம் என்பதால் இந்த நீட்டலை அவை தாங்கும்.

மிதுனத்தில் இருக்கும் என்ஜிசி 2392-ஐ ஒரு பிப்ரவரி இரவில் 130 மடங்கில் பிடித்தேன். நேராகப் பார்த்தால் நடுவில் ஒரு விண்மீன், சுற்றிலும் ஒன்றுமில்லை. பார்வையை அப்படியே ஓரத்துக்குத் தள்ளினால் அந்த விண்மீனைச் சுற்றி உருண்டையாக ஒரு மூட்டம் ஊதிப் பெரிதாகும். மறுபடி நேராகப் பார்த்தால் சுருங்கிவிடும். திரும்ப ஓரக்கண், திரும்ப ஊதல். பத்து நிமிடம் இதையே செய்துகொண்டிருந்தேன். ஃபில்டர் எதுவும் இல்லை, எதிர்வீட்டு எல்இடி எரிந்துகொண்டுதான் இருந்தது. தலைக்கு மேல் ஒரு கறுப்புத் துண்டு, அவ்வளவுதான்.

சுமாரான 6 மி.மீ. ஐபீஸ் இரண்டு மூவாயிரத்துக்குள் வந்துவிடும். நல்ல இரண்டு மடங்கு பார்லோ (ஐபீஸோடு சேர்த்துப் போட்டு உருப்பெருக்கத்தைக் கூட்டும் வில்லை) வாங்கினால் உங்கள் 10 மி.மீ., 5 மி.மீ.-ஆக வேலை செய்யும். பெட்டியோடு இலவசமாக வந்த பிளாஸ்டிக் பார்லோவை மறந்துவிடுங்கள்.

மறைமுகச் செலவு பணமாக இருக்காது, பொறுமையாக இருக்கும். மலிவான குறுகிய ஐபீஸில் கண்ணை வில்லையோடு ஒட்ட வேண்டும்; மூக்குக்கண்ணாடியைக் கழற்ற முடியாதவர்களுக்கு அது வேதனை. மோட்டார் இல்லாத தாங்கியில் 160 மடங்கு வைத்தால் ஒரு நிமிடம் கொஞ்சம் முன்பின் ஆனதும் நெபுலா ஓரத்தைத் தாண்டி ஓடிவிடும். லேசான தாங்கி தொட்டாலே ஆடும். தொலைநோக்கியின் கண்ணாடிகள் நேர்க்கோட்டில் இல்லையென்றால் அதிக உருப்பெருக்கம் அந்தக் குறையைத்தான் பெரிதாக்கும். அப்புறம், பகல் முழுக்க வெயில் குடித்த மொட்டைமாடித் தரை ராத்திரி பத்து மணி வரை அனலாக விட்டுக்கொண்டிருக்கும். அதுவரை வட்டு தண்ணீருக்கடியில் கிடப்பது போல நெளியும்.

நகரத்தில் இருப்பவர்களுக்கு என் ஓட்டு இதற்குத்தான். நிலா, வியாழன், சனி, இரட்டை விண்மீன்கள் என்று மற்ற எல்லாவற்றுக்கும் இதே ஐபீஸ் உழைக்கும்.

ஃபில்டர்: யூஎச்சியா, ஓ-3-ஆ

1864 ஆகஸ்டில் வானியலாளர் வில்லியம் ஹகின்ஸ் என்ஜிசி 6543-இன் ஒளியை முப்பட்டகத்தில் பிரித்துப் பார்த்தபோது வானவில் வரவில்லை. சில தனித்தனிக் கோடுகள்தான் இருந்தன. பச்சையில் இருந்த கோடுகள் தெரிந்த எந்தத் தனிமத்தோடும் பொருந்தவில்லை. 'நெபுலியம்' என்று ஒரு புதுத் தனிமத்தையே கற்பனை செய்தார்கள். 1927-ல் இயற்பியலாளர் ஐரா போவன்தான் அது இரண்டு எலெக்ட்ரானை இழந்த சாதாரண ஆக்சிஜன் என்று காட்டினார். 495.9, 500.7 நானோமீட்டர் என்று இரண்டு கோடுகள். இருட்டுக்குப் பழகிய நம் கண் அதிகம் உணரும் நிறம் சுமார் 507 நானோமீட்டர். இவ்வளவு பக்கத்தில் பொருத்தம் அமைந்தது நம் அதிர்ஷ்டம்.

ஓ-3 ஃபில்டர் இந்த இரண்டு கோடுகளை மட்டும், சுமார் 10 முதல் 12 நானோமீட்டர் அகலத்தில், உள்ளே விடும். யூஎச்சி அதைப் போல இரண்டு மடங்கு அகலம், பக்கத்தில் 486.1-ல் இருக்கும் ஹைட்ரஜன் கோட்டையும் சேர்த்து விடும். இரண்டுமே நெபுலாவைப் பிரகாசமாக்குவதில்லை. மற்றதை இருட்டாக்குகின்றன, அவ்வளவுதான். இதைப் புரிந்துகொள்ளாமல் வாங்கினால் ஏமாற்றம் நிச்சயம்.

130 மடங்கில், 1 மி.மீ. கற்றையில், நான் ஆசையாகத் திருகிய ஓ-3 காட்டியது கன்னங்கரேல் என்று ஒரு கிணறு. அதே ஃபில்டரை 26 மடங்கில், 5 மி.மீ. கற்றையில் போட்டபோதுதான் அது எதற்கு என்று தெரிந்தது. 70, 80 மி.மீ. தொலைநோக்கிக்கு ஓ-3 பெரும்பாலும் வீண். 100 முதல் 130 மி.மீ. வரை யூஎச்சி பாதுகாப்பான தேர்வு. அதற்கு மேல் போனால் ஓ-3-க்கு நியாயம் இருக்கிறது.

ஆனால் ஃபில்டரால் ஒரு வேலை ஆகும், அதை வேறு எதனாலும் செய்ய முடியாது. கூட்டமான விண்மீன்களுக்கு நடுவே எது நெபுலா என்று தெரியவில்லையா? ஃபில்டரை மரையில் திருகாமல் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் பிடித்து, கண்ணுக்கும் ஐபீஸுக்கும் நடுவே உள்ளே, வெளியே என்று ஆட்டுங்கள். விண்மீன்கள் எல்லாம் மங்கும். ஒன்று மட்டும் அசையாமல் அப்படியே இருக்கும். அதுதான் நீங்கள் தேடியது. 12 விகலைதான் அகலம் கொண்ட ஐசி 418-ஐ முயல் மண்டலத்தில் நான் அப்படித்தான் பிடித்தேன். (இளஞ்சிவப்பாகத் தெரியும் என்று சொல்பவர்கள் உண்டு. என் கண்ணுக்குச் சாம்பல்தான்.) இந்த வித்தையில் ஒரு ஆபத்தும் இருக்கிறது: இருட்டில் விரல் வழுக்கினால் கீழே சிமெண்ட் தரை. பாய் விரித்துக்கொள்ளுங்கள்.

மறைமுகச் செலவுகள் இங்கேதான் அதிகம். பெயர் பெற்ற தயாரிப்பு பத்தாயிரத்தை எளிதாகத் தாண்டும். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்கவரி தனி. சில ஆயிரத்துக்குக் கிடைக்கும் ரகங்களில் உள்ளே விடும் நிறப் பட்டை அகலமாகவோ, இடம் தள்ளியோ இருக்கலாம். நான் முதலில் இணையத்தில் வாங்கிய 'ஓ-3' பிரகாசமான விண்மீன்களைச் சுற்றிச் சிவப்பு வட்டம் காட்டியது. திருப்பி எடுத்துக்கொள்ளவும் இல்லை. பெட்டியோடு வரும் சில ஐபீஸ்களில் ஃபில்டர் திருக மரையே இருக்காது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். தெருவில் மஞ்சள் சோடியம் விளக்கு இருந்த காலத்தில் அதன் ஒளியை இந்த ஃபில்டர்கள் அப்படியே வெட்டின. வெள்ளை எல்இடி எல்லா நிறத்திலும் கொட்டுகிறது. பச்சைப் பட்டைக்குள்ளும் கொஞ்சம் நுழைந்துவிடும். லாபம் முன்பைவிடக் குறைவு. விண்மீன் கூட்டங்களுக்கும் கேலக்ஸிகளுக்கும் ஃபில்டரால் பயனில்லை. ஓரியன் நெபுலாவுக்கு யூஎச்சி அருமை; அந்த ஒன்றுக்காகவே வாங்கினாலும் தப்பில்லை என்பேன்.

இருட்டைத் தேடிப் போவது

நகரத்து வானம் நல்ல மலைக்கிராமத்து வானத்தைவிட இருபது மடங்குக்கும் மேல் வெளிச்சமாக இருக்கலாம். எந்தக் கடையிலும் இதற்கு ஈடான சாமான் கிடையாது. ஜவ்வாது மலையில் காவலூரை வானியலாளர்கள் சும்மா தேர்ந்தெடுக்கவில்லை. 1968-ல் 38 செ.மீ. தொலைநோக்கியோடு அங்கே ஆரம்பித்தார்கள், 1986-ல் 2.34 மீட்டர் தொலைநோக்கி வந்தது. வாணியம்பாடி, ஆலங்காயம் பக்கம் உறவினர் வீட்டு மாடி ஒன்று கிடைத்தால் நீங்கள் கொடுத்துவைத்தவர்.

அங்கே ஒரு டிசம்பர் கடைசியில், மழை ஓய்ந்த வாரம், இருட்டிய கையோடு தென்மேற்கில் ஹீலிக்ஸைத் தேடினேன். 26 மடங்கு, யூஎச்சி. முதலில் ஒன்றும் இல்லை. குழாயை விரலால் லேசாகத் தட்டினேன். ஆடும்போது மட்டும் ஒரு பெரிய வட்டமான மூச்சுக்காற்று மாதிரி ஏதோ விண்மீன்களோடு சேர்ந்து ஆடியது. நின்றதும் போய்விட்டது. மறுபடி தட்டினேன், மறுபடி வந்தது. ஃபில்டர் தன் விலையைத் திருப்பிக் கொடுத்த ராத்திரி அது. மாடியில் வைத்து அதைக் குறை சொன்னதற்கு மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

செலவு? பஸ்ஸோ ரயிலோ, இரண்டு வேளைச் சாப்பாடு. மறைமுகமாக: அமாவாசை வாரமாக இருக்க வேண்டும், அந்த வாரம் லீவு கிடைக்க வேண்டும், மேகம் வரக்கூடாது. மூன்றில் ஒன்றாவது சொதப்பும். வனத்துறைப் பகுதிக்குள் அனுமதியில்லாமல் போகக் கூடாது. தனியாகப் போகாதீர்கள். மார்கழிப் பனியில் அரை மணியில் ஐபீஸ் ஈரமாகும், துடைக்கக் கை நீளும், துடைத்தால் கீறல். கொசுவுக்குப் பூசிய களிம்போடு ஐபீஸைத் தொட்டால் வில்லை மேல் இருக்கும் மெல்லிய பூச்சு போனதுதான்.

பார்க்க நினைப்பது ஹீலிக்ஸ், டம்பெல் எனப்படும் எம்27, ஆந்தை எனப்படும் எம்97 என்றால் பத்தாயிரத்தையும் பயணத்திலேயே போடுங்கள். வியாழனின் ஆவிக்காக மட்டும் மலையேற வேண்டியதில்லை.

8 அங்குல டாப்சோனியன்

தரையில் வைக்கும் எளிய பெட்டித் தாங்கியோடு வரும், சுமார் 200 மி.மீ. கண்ணாடி கொண்ட பிரதிபலிப்புத் தொலைநோக்கி இது. புதிதாக அரை லட்சத்துக்குக் கீழ் கிடைப்பது அரிது என்பதால் பத்தாயிரம் கணக்கில் இது வராது. ஆனாலும் எல்லோரும் கேட்கிறார்கள். 130 மி.மீ.-ஐவிடச் சுமார் இரண்டரை மடங்கு ஒளி சேர்க்கும். அதே கற்றை அகலத்தில் படம் ஒன்றரை மடங்கு பெரிதாக இருக்கும். 200 மடங்கில் 1 மி.மீ. கற்றை. என்ஜிசி 3242 நீலப்பச்சையாக நிறம் காட்டத் தொடங்கும் என்பதே என்னைப் பொறாமைப்பட வைக்கும். வளைய நெபுலாவின் நடு விண்மீனை எதிர்பார்க்காதீர்கள், அதற்கு இதைவிட மிகப் பெரிய கண்ணாடி வேண்டும்.

எடை இருபது கிலோவுக்கு மேல். லிஃப்ட் இல்லாத மூன்று மாடியில் அதை வாரத்துக்கு ஒருமுறை ஏற்றி இறக்குவேன் என்று நம்புகிறவர் முதலில் ஒரு தண்ணீர்க் கேனைத் தூக்கிக்கொண்டு ஏறிப் பார்க்கட்டும். மாடியிலேயே பூட்டி வைக்க இடம் இருந்தால், அல்லது சொந்தமாக முற்றம் இருந்தால், கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.

ஸ்மார்ட் தொலைநோக்கி

ஐபீஸ் இல்லாமல், தானாகவே தேடிப் படம் எடுக்கும் சீஸ்டார் எஸ்50 போன்றவை பால்கனியிலிருந்தே பத்து நிமிடத்தில் எம்27-ஐ நிறத்தோடு செல்போனில் காட்டும். ஃபில்டரும் உள்ளேயே இருக்கிறது. ஆனால் 250 மி.மீ. குவியத் தூரத்தில் என்ஜிசி 3242-இன் அகலம் பதினேழு பிக்சல்தான் வரும். இலை ரகத்துக்குப் பிரமாதம், இட்லி ரகத்துக்கு ஏமாற்றம். கண்ணால் பார்க்கும் ஆசை உள்ளவர்களுக்கு இது வேறு பொழுதுபோக்கு.

எந்த மாதம், எதற்கு எது

நம் ஊரில் ஜனவரி முதல் ஏப்ரல் வரைதான் வானம் பெரும்பாலும் தெளிவு. புகழ்பெற்ற வளைய நெபுலாவான எம்57-உம் எம்27-உம் மாலையில் உச்சிக்கு வரும்போது மழைக்காலம் வந்துவிடும். அதனால் அவற்றை ஏப்ரலில், விடியற்காலையில் பாருங்கள்.

| நெபுலா | அளவு | இரவு 9 மணிக்கு உச்சத்தில் | முதலில் உதவுவது |
|---|---|---|---|
| ஐசி 418 | 12 விகலை | ஜனவரி கடைசி | ஐபீஸ். தேடுவதற்கு ஃபில்டர் |
| என்ஜிசி 2392 | சுமார் 45 விகலை | பிப்ரவரி கடைசி | ஐபீஸ் |
| என்ஜிசி 3132 | சுமார் 1 கலை | ஏப்ரல் முதல் பாதி | ஐபீஸ் |
| என்ஜிசி 3242 | 40 விகலை | ஏப்ரல் நடு | ஐபீஸ் |
| எம்57 | 80 விகலை | ஆகஸ்ட் பின்பாதி | ஐபீஸ் |
| எம்27 | 8 கலை | செப்டம்பர் முதல் பாதி | இருட்டு, பிறகு யூஎச்சி |
| என்ஜிசி 7293 | கால் பாகை | அக்டோபர் நடு | இருட்டும் ஃபில்டரும் சேர்ந்து |

என்ஜிசி 3132-ஐ விட்டுவிடாதீர்கள். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி 2022 ஜூலையில் வெளியிட்ட முதல் படங்களில் இருந்த அதே தென்வளைய நெபுலா. ஐரோப்பாவின் பெரும்பகுதியில் அது அடிவானத்தை விட்டே எழும்பாது. நமக்குத் தெற்கே 35 முதல் 40 பாகை உயரத்தில் நிற்கும். நடுவில் பளிச்சென்று தெரியும் விண்மீன் நெபுலாவை உண்டாக்கியது அல்ல, அதன் துணை. உண்டாக்கியது அதன் பக்கத்தில் மங்கலாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. நம் கண்ணாடிக்கு எட்டாது.

சரி, யாருக்கு எது

70 மி.மீ. வைத்திருப்பவர்: ஃபில்டரை நினைக்கவே வேண்டாம். ஐபீஸ் ஒன்று, மிச்சம் பயணத்துக்கு. அடுக்ககத்தில் 114 அல்லது 130 மி.மீ. வைத்திருப்பவர்: 5 அல்லது 6 மி.மீ. ஐபீஸ், ஒரு கறுப்புத் துண்டு, ஒரு மலைப்பயணம். அதற்குப் பிறகும் பணம் இருந்தால் யூஎச்சி. மூக்குக்கண்ணாடியோடுதான் பார்க்க முடியும் என்றால், கண்ணைத் தள்ளி வைத்துப் பார்க்கக் கூடிய ஐபீஸுக்குக் கூடுதலாகக் கொடுங்கள். வேறு எதையும் வாங்காவிட்டாலும் பரவாயில்லை. சொந்த ஊர் இருட்டான கிராமம், மாதம் ஒருமுறை போவீர்கள் என்றால் வரிசையைத் தலைகீழாக்கலாம்: யூஎச்சி முதலில்.

கொசு என்று சொன்னாரே, அவரிடம் இருப்பது 114 மி.மீ. கண்ணாடி, 500 மி.மீ. குவியத் தூரம். ஃபில்டருக்கு ஆர்டர் போட்டுவிட்டார், ரத்து செய்யச் சொன்னேன். அரை மனசோடு 4 மி.மீ. ஐபீஸ் வாங்கினார், 125 மடங்கு. ஏப்ரலில் ஒரு நாள் விடியற்காலை நாலரை மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வரி வந்திருந்தது: "சார், நடுவுல ஓட்டை தெரியுது."